போர்ட் பிளேர் லைனில் இருந்தவள்

எங்கள் ஊரில் யாரும் சும்மா ஓர் இடத்துக்குப் போகமாட்டார்கள். கல்யாணம், கருமாதி, கோயில், ஆஸ்பத்திரி, கோர்ட்டு. இவற்றில் ஒன்றும் இல்லாமல் ஒரு பொம்பளை பெட்டியைத் தூக்கினால் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அர்த்தம். நான் கப்பலேறி அந்தமானுக்குப் போய் கடல் பார்த்துவிட்டு வரப்போகிறேன் என்று சொன்னபோது என் அண்ணி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"கடலு பாக்கறதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்? மகாபலிபுரத்துல கீதே, அது கடலு இல்லியா? காத்தால பஸ் ஏறினா பொழுது சாயறதுக்குள்ள வூட்டாண்ட வந்துடலாம்."

"ஆபீஸ்ல டிக்கெட் குடுக்கறாங்க அண்ணி. போகலைன்னா வீணாப் போயிடும்."

வீணாகப் போய்விடும் என்ற சொல் எங்கள் வீட்டில் நன்றாக வேலை செய்யும். அண்ணி கொஞ்சம் அடங்கினாள். மத்திய சர்க்கார் வேலையில் இருப்பவர்களுக்குச் சில வருஷங்களுக்கு ஒரு தரம் இந்தியாவின் எந்த மூலைக்கும் போய்வர டிக்கெட் கிடைக்கும். நான் அதுவரை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. அண்ணன் மட்டும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "தனியாவா?" என்று கேட்டார். பின்னே யாரோடு போவேன்? அவருக்கே கேட்ட பிறகு சங்கடமாகிவிட்டது போலிருக்கிறது, மோரை ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

கடல் பார்ப்பது பாதிப் பொய். அங்கே ஒருத்தி எனக்காகக் காத்திருந்தாள். என்னோடு வந்து இருந்துவிடு என்று சொல்லியிருந்தாள். இருக்க முடியுமா என்று பார்த்துவிட்டு வரத்தான் நான் போனேன். அதை வீட்டில் சொன்னால் என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். யாரு அவ, இன்னா ஜாதி, எப்போ பாத்த? எப்போதும் பார்த்ததில்லை என்பதுதான் பதில்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது உத்திரமேரூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகைக் கட்டடம். உள்ளே ஆளுயரத்துக்கு ஒரு போர்டு, அதில் ஊரில் போன் வைத்திருப்பவர்களின் நம்பர்கள். யாராவது போனை எடுத்தால் அவர்கள் நம்பருக்கு மேலிருக்கும் சின்ன மூடி கட் என்று விழும். நான் வயரைச் செருகி, "நம்பர் சொல்லுங்க" என்பேன். அரிசி மில்காரர்கள், டாக்டர், போலீஸ் ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ், அவ்வளவுதான் ஊர். யார் யாரோடு சண்டை, எந்த வீட்டு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனார், நெல் எந்தப் பக்கம் போகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். கடைத்தெருவில் எதிரே வந்தால் என்னை ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு தடவை துணிக்கடையில் வாயைத் திறந்து ரவிக்கைத் துணி கேட்டேன். பக்கத்தில் நின்ற ஆள் திடுக்கிட்டுத் திரும்பி, "அட, எக்ஸ்சேஞ்சா நீ!" என்றார்.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று இந்நேரம் உங்களுக்குக் கேட்கத் தோன்றியிருக்கும். கேட்காதவர்கள் யாரும் இதுவரை பிறக்கவில்லை. ஆரம்பத்தில் பெண் பார்க்க வந்தார்கள். "கண்ட கண்ட ஆம்பிளைங்களோட பேசிக்கினு இருக்கற வேலையாமே" என்று ஒரு மாமியார்க்காரி பஜ்ஜியைத் தின்றுகொண்டே சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பேசறது அவங்க, நான் ஒயரைத்தான் சொருகறேன்" என்றேன். அதோடு அந்த இடம் போயிற்று. என் வாய் அப்படி. அதற்கப்புறம் அப்பா போனார், அண்ணனுக்குப் பிள்ளைகள் பிறந்தன, வருகிறவர்கள் குறைந்து நின்றே போனார்கள். நான் அதே வீட்டில் நெல்மூட்டை அறையை ஒட்டின அறையில் இருந்தேன். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் நான் வேலை முடிந்து வந்தால் யாரும், என்ன ஆச்சு இன்றைக்கு, என்று கேட்கமாட்டார்கள்.

அவள் கேட்பாள். போர்ட் பிளேர் ஆபரேட்டர்.

எங்கள் ஊர் மில்காரர் ஒருவர் அந்தமானுக்கு அரிசி அனுப்பிக்கொண்டிருந்தார். வாரத்தில் ஓரிரு தடவை அங்கிருக்கும் கடைக்காரருக்கு ட்ரங்க் கால் புக் செய்வார். காஞ்சிபுரம், மெட்ராஸ் என்று லைன் தாண்டித் தாண்டிப் போய்க் கடைசியில் அவள் குரல் வரும். "உத்திரமேரூர், பார்ட்டி இருக்காரா?" மில்காரர் எப்போதும் இருக்கமாட்டார். களத்தில் நெல் காய்வதைப் பார்க்கப் போயிருப்பார், ஆள் விட்டுக் கூப்பிட வேண்டும். அங்கே கடைக்காரரும் அப்படியே. அவர்கள் இரண்டு பேரும் வந்து சேரும்வரை லைனைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் இருப்போம்.

ஆபரேட்டர்கள் ஒருத்தரை ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர் பெயர்தான். நான் உத்திரமேரூர், அவள் போர்ட் பிளேர். அந்த லைன் கம்பி வழியாக வராது. மெட்ராஸிலிருந்து ரேடியோவில் போகும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினால் இரண்டுமே கேட்காது. ஒருத்தி சொல்லி முடிக்கும்வரை மற்றவள் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும், முடிந்தது என்று தெரிந்தபிறகுதான் ஆரம்பிக்கவேண்டும். யோசித்துப் பாருங்கள், என் பேச்சை நடுவில் வெட்டாமல் கடைசிவரை கேட்ட ஒரே மனுஷி அவள்தான். எங்கள் வீட்டில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் குக்கர் கூவும், பிள்ளை அழும், அண்ணி "சரி சரி" என்பாள்.

ஏரி நிரம்பினதை அவளுக்குச் சொல்வேன். அறுவடை சமயத்தில் தெருவெல்லாம் வைக்கோல் வாசனை அடிப்பதைச் சொல்வேன். அவள் கடலைச் சொல்வாள். அவளுடைய அப்பா அம்மா கடலூர்ப் பக்கத்திலிருந்து போனவர்கள், அவள் அங்கேயே பிறந்தவள். "ஜாலி பாய்னு ஒரு தீவு இருக்கு உத்திரமேரூர். படகுலதான் போகணும். கண்ணாடி முகமூடி ஒண்ணு குடுப்பாங்க, மூச்சு விட ஒரு ரப்பர் குழாய். தலையைத் தண்ணிக்குள்ள விட்டா போதும், பூந்தோட்டத்துக்குள்ள நொழைஞ்ச மாதிரி இருக்கும். மீனுங்க நம்ம கையை வந்து மோந்து பாக்கும்." நான் காதில் ஹெட்செட்டோடு கண்ணை மூடிக்கொள்வேன். வெளியே காஞ்சிபுரம் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பான்.

அவள் அம்மா இறந்தபோது முதலில் என்னிடம்தான் சொன்னாள். கொஞ்ச மாதம் கழித்து ஒரு நாள், "குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம் சும்மா கெடக்கு. இந்த ஊருக்கு யாரும் விரும்பி வரதில்ல, நீங்க ட்ரான்ஸ்ஃபர் கேட்டா உடனே குடுத்துடுவாங்க. நாம ரெண்டு பேரும் இருந்துக்கலாமே" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் மில்காரர் மூச்சு வாங்க லைனுக்கு வந்து, "அலோ, அலோ" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். லைனைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்தைந்து வயதுக்கு மேல் என்னை ஒருத்தி வா என்று கூப்பிட்டிருக்கிறாள்! சந்தோஷத்தில் அன்று டாக்டர் வீட்டுக்கு வந்த போனைப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போட்டுவிட்டேன்.

கப்பல் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாதி நேரம் வாந்தி, மீதி நேரம் படுக்கை. எனக்குக் கீழ்ப் படுக்கையில் இருந்த அம்மாள் எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து, "புருஷன் அங்க வேலையா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும், எனக்கு அதற்கெல்லாம் தெம்பில்லை.

போர்ட் பிளேர் துறைமுகத்தில் இறங்கினபோதுதான் எனக்கு உறைத்தது, அவள் எப்படி இருப்பாள் என்று தெரியாது. ஒரு அடையாளமும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் பேசினவர்களுக்கு அது தோன்றவே இல்லை, பாருங்கள். குரலை வைத்து நான் உயரமாக, பூசினாற்போல, பெரிய பொட்டு வைத்த ஒருத்தியை மனசில் செய்து வைத்திருந்தேன். அந்த மாதிரி இருந்த ஒரு அம்மாளிடம் போய்ச் சிரித்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். அப்போது பின்னாலிருந்து, "உத்திரமேரூர்!" என்று ஒரு குரல். அதே குரல். கூட்டமே திரும்பிப் பார்த்தது. ஒடிந்து விழுகிற மாதிரி ஒருத்தி, தடித்த கண்ணாடி, கையில் குடை.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்வேன் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரு கஜம் தள்ளி நின்றோம்.

"நீங்க ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"நான் உங்களைக் குண்டுன்னு நெனச்சேன்" என்றேன்.

அதோடு பேச்சு நின்றது. அவள் என் பெட்டியை வாங்கிக்கொண்டாள், நான் வேண்டாம் என்று பிடுங்கினேன், கடைசியில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினோம்.

குவார்ட்டர்ஸ் சின்னது, சுத்தமானது. அவள் அம்மா இருந்த அறையில் எனக்குப் புது பெட்ஷீட் விரித்து வைத்திருந்தாள். ஜன்னலைத் திறந்தால் தென்னை மரங்களுக்கு நடுவே கடல் தெரியும். மீன் குழம்பு வைத்திருந்தாள், ருசியாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். அவள் நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். நான் அவள் பதில் சொல்வாள் என்று காத்திருந்தேன். லைன் பழக்கம் இரண்டு பேருக்கும் விடவில்லை. எதிராளி முடித்தாளா முடிக்கவில்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எங்களுக்குத் தெரியவில்லை. சாப்பாடு முடிகிறவரை சுவரிலிருந்த பல்லியைத்தான் இரண்டு பேரும் பார்த்தோம்.

கூப்பிடுவதற்குப் பெயர்கூட வாயில் வரவில்லை. தெருவில் அவளைப் போர்ட் பிளேர் என்று கூப்பிட முடியுமா, அந்த ஊரே போர்ட் பிளேர். அவள் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அக்கா என்பதா, யார் பெரியவள் என்று கேட்டதில்லை. "இதோ பாருங்க", "கேட்டீங்களா" என்றே ஓட்டினோம். அவள் வேலைக்குப் போன நேரங்களில் நான் கடற்கரையில் தனியாக நடந்தேன். புதுசாகக் கல்யாணமான வடக்கத்தி ஜோடிகள் கையைக் கோத்துக்கொண்டு போனார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு என்னைப் போலவே சர்க்கார் டிக்கெட்டில் வந்த குடும்பங்கள் புளிசாதத்தைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தன. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, மணல் வெள்ளைவெளேர் என்று இருந்தது, எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. உத்திரமேரூரில் தனியாக இருப்பதற்காவது ஒரு காரணம் உண்டு. இவ்வளவு அழகான இடத்தில், வா என்று கூப்பிட்டவள் வீட்டிலேயே இருந்துகொண்டு, தனியாக இருப்பதற்கு என்ன காரணம் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாலி பாய் போனோம். பஸ்ஸில் ஒரு மணி நேரம், பிறகு இன்ஜின் படகு. தீவில் வீடு, கடை ஒன்றும் இல்லை. மரமும் மணலும்தான். படகுக்காரர் முகமூடிகளையும் குழாய்களையும் ஒரு பக்கெட்டில் போட்டுக் கொண்டுவந்தார். நான் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"எனக்கு வேணாம். நான் குடையப் பிடிச்சிக்கிட்டு இங்க உக்காந்திருக்கேன்."

"ஏன், நீங்கதான் எத்தனையோ தரம் பாத்தாச்சேன்னா?"

அவள் மணலைக் கிளறினாள். "நான் இறங்கினதே இல்ல. இந்தத் தீவுக்கே இப்பத்தான் மொத தடவை வரேன்."

"அப்போ பூந்தோட்டம்? மீன் கையை மோந்து பாக்கும்னீங்களே?"

"டூரிஸ்ட்டுங்க ஊருக்குப் போன் போட்டுப் பேசுவாங்க இல்ல. லைன்ல கேட்டதுதான். எனக்குத் தண்ணின்னா பயம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கப்பலில் குடல் வெளியே வர வாந்தி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், இவள் யாரோ சொன்னதைத் தான் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள்! "நல்லாத்தான் கதை விட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் புடவையை நடவுக்கு இறங்கும் பெண்கள் மாதிரி இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தேன். அவள் பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். நான் நிற்கவில்லை. நானும் அதைத்தான் செய்தேன், ஊராருடைய சண்டையையும் சிரிப்பையும் கேட்டு வந்து அவளிடம் என் வாழ்க்கை மாதிரி சொன்னேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எனக்கு நீச்சல் தெரியும். எங்கள் நிலத்துக் கிணற்றில் கற்றுக்கொண்டது. கிணற்று நீச்சல்காரர்களுக்கு ஒரு கோளாறு உண்டு, நேராகப் போகத் தெரியாது. நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும், திரும்பவேண்டும், மறுபடி சுவர். வட்டமாகவே பழகின உடம்பு. கடலில் சுவர் எங்கே? ஆனாலும் நான் நாலு கை போட்டதும் திரும்பினேன், மறுபடி திரும்பினேன். படகுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டு, "என்னம்மா, செக்கு மாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கீங்க, நேராப் போங்க!" என்று கத்தினார். எனக்கும் சிரிப்பு வந்து குழாயில் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது.

இருமி முடித்துவிட்டு மறுபடியும் முகத்தை உள்ளே விட்டேன். ஐயோ, என்ன சொல்ல! அவள் சொன்னது ஒன்றும் மிகையில்லை. யாரோ சொன்னதைக் கேட்டுச் சொன்னதில் பாதிகூட வரவில்லை. பவளப் பாறைகள் முட்டைக்கோஸ் மாதிரி, மான் கொம்பு மாதிரி, மூளை மாதிரிகூட. மஞ்சள் பட்டுப்பாவாடைக்குக் கறுப்பு பார்டர் போட்ட மாதிரி மீன்கள். நீலத்தில் இத்தனை நீலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு மீன் நிஜமாகவே என் விரலண்டை வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. என் மூச்சு குழாயில் ஏறி இறங்குவது கேட்டது. அதற்குப் பின்னால் சுற்றிலும் எங்கிருந்தோ கடுகு பொரிகிற மாதிரி மெல்லிசாக ஒரு படபடப்பு, விடாமல்.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. ரேடியோ லைனில் அவள் பேசுவதற்கு முன்னால் வருமே, அதே சத்தம். நான் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், இப்போது குரல் வரும் என்று. வரவில்லை. மீன்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. இதையெல்லாம் போர்ட் பிளேரிடம் சொல்லவேண்டும், உடனே சொல்லவேண்டும் என்று தவிப்பாக இருந்தது. தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தேன். குடைக்குக் கீழே ஒரு ஒல்லி மனுஷி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முகமூடிக்குள்ளேயே அழுதேன். அதற்குள் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அழுது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மூக்கெல்லாம் அடைத்துக்கொண்டு, துடைக்கவும் முடியாமல்.

கரையேறினதும் அவள் துண்டைக் கொடுத்தாள். கொண்டுவந்திருந்த எலுமிச்சை சாதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். படகு கிளம்புகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். வெயில் நகர நகர அவள் குடையை என் பக்கமாக நகர்த்திக்கொண்டே இருந்தாள், அவள் தோள் பாதி வெயிலில் இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, இதோடு முடிந்தது, இவளோடு ஒரு வீட்டில் இருந்தால் நான் ஊமையாகிவிடுவேன் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவளுக்கு ட்யூட்டி. நான் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் கீழே மளிகைக் கடைக்குப் போனேன். அங்கே ஒரு போன் இருந்தது. ஏன் எடுத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கை தானாகப் போயிற்று. எக்ஸ்சேஞ்சைப் பிடித்தேன்.

"எக்ஸ்சேஞ்ச்" என்றாள்.

"போர்ட் பிளேர், உத்திரமேரூர் பேசறேன்."

அவள் சிரித்தாள். எத்தனையோ வருஷமாக எனக்குத் தெரிந்த சிரிப்பு, நான் வந்த நாளாக ஒரு தடவைகூடக் கேட்காத சிரிப்பு. "உத்திரமேரூர், என்ன ஆச்சு இன்னிக்கி?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான், கொட்டிவிட்டேன். மஞ்சள் மீன், நீல மீன், செக்கு மாடு மாதிரி நான் சுற்றினது, கடுகு பொரிகிற சத்தம், முகமூடிக்குள் அழுதது. அவள் குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும் அவள் சொன்னாள், நான் வருவதற்கு முன்னால் எந்தப் பெட்ஷீட் வாங்குவது என்று மூன்று கடை ஏறி இறங்கினதை, துறைமுகத்தில் என்னைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொண்டதை, பொய் சொன்னதற்கு மனசு ஆறவில்லை என்பதை. கடைக்காரர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார். அரை மைல் தூரத்தில் இருந்த இரண்டு பேர் கடல் தாண்டிப் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் கேட்டாள். "வருவீங்களா?"

நான் அதற்குத்தானே வந்தேன். "வந்தா உங்க பக்கத்து சீட்லதான் உக்காருவேன். வீட்டுக்கு வந்தாலும் பக்கத்துலதான். அப்புறம் நான் யாரோட பேசுவேன், போர்ட் பிளேர்? நேர்ல நமக்குப் பேச்சே வரலையே" என்றேன்.

"பேச்சு வரலைன்னா என்ன?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "நான் ஒண்ணும் பேசறதுக்காகக் கூப்பிடல."

அது என்ன பதில் என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பேச்சுத்தான் உயிர். அந்தக் குரலை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. உத்திரமேரூரில் இருந்தால் அது என்றைக்கும் இருக்கும், இங்கே வந்தால் போய்விடும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். "இல்ல, நான் ஊர்லயே இருக்கேன். அதான் நமக்கு நல்லது" என்றேன். சரி என்றாள். வேறு ஏதோ மூடி விழுந்திருக்கும் போலிருக்கிறது, "ஒரு நிமிஷம் உத்திரமேரூர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் காத்திருந்தேன். கடைக்காரர் கையை நீட்டினார், போனைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் துறைமுகத்தில் இரண்டு பேரும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். கப்பல் கிளம்பும்வரை அவள் போகவில்லை.

திரும்பி வந்தபிறகு நான் நினைத்தபடியே நடந்தது. மில்காரர் புக் செய்வார், அவர் களத்திலிருந்து வருகிறவரை நாங்கள் பேசுவோம். முன்னைவிட நன்றாகவே பேசினோம். அண்ணிகூட, "கடலு பாத்துட்டு வந்ததுல இருந்து தெளிவா கீறா" என்று அண்ணனிடம் சொன்னாள். நான் கெட்டிக்காரத்தனமாக முடிவெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச வருஷம்தான். எக்ஸ்சேஞ்ச் ஆட்டோமேட்டிக் ஆயிற்று. போர்டைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். இனி அவரவர் வீட்டிலிருந்தே எந்த ஊருக்கு வேண்டுமானாலும் நம்பரைச் சுழற்றிக்கொள்ளலாம் என்றார்கள். என்னைப் பில் கட்டுகிற கவுன்ட்டரில் உட்காரவைத்தார்கள். அவளுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தேன். எங்களுக்கு எழுத்தில் பழக்கமில்லை, இரண்டு பேரும் நலம், நலமா என்று எழுதினோம், பொங்கல் வாழ்த்தோடு அது நின்றது. வெட்கத்தை விட்டு ட்ரான்ஸ்ஃபருக்கு எழுதிப் போட்டேன். அங்கேயும் ஆபரேட்டர்கள் அதிகம், இடமில்லை என்று பதில் வந்தது. அவள் கல்கத்தா பக்கம் மாற்றலாகிப் போனதாக யாரோ சொன்னார்கள். எந்த ஆபீஸ் என்று தெரியவில்லை.

ஒரு நாள் மில்காரர் கவுன்ட்டருக்கு வந்தார். அதுவரை என் முகத்தை அவர் சரியாகப் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீயாம்மா! எத்தினி வருசம் ஒன்ன பேஜார் பண்ணிக்கினு இருந்தேன். இப்போ ஒனக்குத் தொந்தரவே இல்ல பாரு. நானே வூட்ல உக்காந்து சுத்தறேன், ஒரே நிமிசம், அந்தமான் வந்துடுது."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அங்க எடுக்கறது யாருங்க? ஆபரேட்டர் யாராச்சும் பேசறாங்களா?" என்று கேட்டேன்.

"ஆப்ரேட்டரா? இல்லம்மா, நேரா கடைக்காரருதான்" என்றார் அந்த மனுஷர், எனக்கு ஒரு நல்ல சேதி சொல்கிறவர் மாதிரி. "இப்போ நடுவுல யாரும் கெடையாது."

சரிங்க என்று சொல்லி அவருடைய பில்லில் முத்திரை குத்திக் கொடுத்தேன்.